மனமொத்த மாறுதல்

காராபுலாக்
14 அக்டோபர் 1974

மதிப்பிற்குரிய நெபஹாத் ஹனிம் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. காராபுலாக் வானிலை நிலையத்தில் மூன்று வருடமாகக் குளிரையும் காற்றையும் அளந்துகொண்டிருக்கும் ரிஃப்கி நான். இலாகா சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். தாஷ்லிமான் நிலையத்தில் வேலை பார்க்கும் நீங்கள், காராபுலாக்குக்கு மனமொத்த மாறுதல் கேட்டிருக்கிறீர்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் படித்தேன். எங்கள் தலைவர் ஷெவ்கெத் பேயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அச்சுப்பிழையா இருக்கும்டா. இங்கேர்ந்து ஓடுறவனைத்தான் பார்த்திருக்கேன். இங்க வர்றேன்னு எவன் கேட்டான்?" என்றார்.

அச்சுப்பிழை இல்லையென்றால் நான் தயார். இன்றைக்கே தயார். நான் பிறந்தது தாஷ்லிமானில், மீன்சந்தைக்குப் பின்னால் உள்ள மேட்டுத் தெருவில். என் மனைவி முர்வெத் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், தேயிலை ஆலையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் இங்கே வந்து என்னோடு இருந்தாள். நெஞ்சு கட்டிக்கொண்டது. இந்த உயரத்துக் காற்று அவளுக்கு ஆகாது என்று மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கட்டிலில் ஒரு பக்கம் எனக்கு, மறுபக்கம் என் மேல்கோட்டுக்கு.

உங்களை ஏமாற்ற மனம் வரவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். இங்கே மைக்கூட்டில் மை உறையும். அடுப்பெரிக்க வறட்டிதான். பனிப்புயல் அடித்தால் அலுவலக வாசலிலிருந்து கருவிகள் இருக்கும் வேலி வரைக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம், அதைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கையை விட்டால் ஆள் காலி. இவ்வளவும் தெரிந்துதான் கேட்டீர்களா? அங்கே உங்களை யாராவது துரத்துகிறார்களா? தப்பாக நினைக்காதீர்கள். நல்லது நடக்கப் போகிறதென்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ரிஃப்கி


தாஷ்லிமான்
2 நவம்பர் 1974

ரிஃப்கி பே,

அச்சுப்பிழை இல்லை. யாரும் என்னைத் துரத்தவும் இல்லை. காராபுலாக் எப்படிப்பட்ட ஊர் என்பது எனக்குத் தெரியும், வகுப்பெடுக்க வேண்டாம். ஏன் கேட்கிறேன் என்பது என் சொந்த விஷயம். விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு இடமும் இல்லை.

சிக்கல் வேறு. ஒரே இலாகா, ஒரே பதவி என்பதால் நாம் இருவரும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மேலதிகாரிகளும் கையெழுத்துப் போட வேண்டும். என் தலைவர் முஅம்மர் பே போட மாட்டார். இந்த நிலையத்தில் சம்பளம் வாங்குவது ஐந்து பேர், வேலை செய்வது நான் ஒருத்தி. ஒருவர் கட்சிக்காரர் அனுப்பிய ஆள், அவருக்கு ஏணி ஏறினால் தலை சுற்றுமாம். இன்னொருவர் முஅம்மர் பேயின் மைத்துனர், அவரைப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தபோதுதான் பார்த்தேன். காலை அளவும் நான்தான், இரவு அளவும் நான்தான். துறைமுகக் கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றுவதும் நான்தான். மாதா மாதம் அங்காரா தலைமையகத்துக்குப் போகும் அறிக்கையை எழுதுவதும் நான்தான், கையெழுத்து மட்டும் அவருடையது. போன வருடம் அந்த அறிக்கைக்காக அவருக்குப் பாராட்டு வந்தது. எனக்கு ஒரு தேநீர் வந்தது.

விண்ணப்பத்தை நீட்டினேன். அவர் வாசிக்கவே இல்லை. "நல்லா வேலை செய்றவங்கள யாராவது விடுவாங்களா, நெபஹாத் ஹனிம்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், அதுதான் வயிற்றெரிச்சல்.

நெபஹாத்


காராபுலாக்
20 நவம்பர் 1974

நெபஹாத் ஹனிம்,

கோபம் வேண்டாம், இனி ஏன் என்று கேட்க மாட்டேன்.

என் பக்கக் கதையும் கிட்டத்தட்ட அதேதான். ஷெவ்கெத் பே கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, முட்டி வலி. பனியில் கயிறு பிடித்துப் போக நான் ஒருவன்தான். "எனக்குச் சமமா ஒரு ஆள் வரட்டும், கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்கிறார். ஆக, உங்களைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் இங்கே கதவு திறக்கும்.

உங்கள் பக்கத்துக் கதவுக்கு ஒரு வழி சொல்லட்டுமா? அரசாங்க உத்தியோகத்தில் நான் கண்டுகொண்டது ஒன்றே ஒன்று. நன்றாக வேலை செய்கிறவனை அந்த நாற்காலியிலேயே ஆணி அடித்து வைத்துவிடுவார்கள். உருப்படாதவனைத்தான் "போய்த் தொலை" என்று ஊர் மாற்றுவார்கள். எனவே நீங்கள் கொஞ்ச நாள் உருப்படாதவராக இருங்கள். தாமதமாக வாருங்கள். பின்னல் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். முஅம்மர் பேயே உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வருவார்.

இனி என் சொந்தக் காரியம். முர்வெத்திடமிருந்து கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. 'இந்த வசந்தத்தில் வந்துவிடுவேன்' என்று நான் எழுதி எழுதி அவளுக்கு அலுத்துப்போயிருக்கும். நேரம் கிடைத்தால் மேட்டுத் தெருவில் நீலக் கதவு வீட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, அவள் இருமுகிறாளா என்று மட்டும் எழுதுவீர்களா? அவளிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்கவும் ஆசையாகத்தான் இருக்கிறது.

ரிஃப்கி


தாஷ்லிமான்
18 டிசம்பர் 1974

ரிஃப்கி பே,

உங்கள் மனைவி இருமவில்லை. நன்றாக இருக்கிறார். கதவைத் திறந்ததுமே, "அந்த மனுஷன்தானே அனுப்பினார்? இருமுறேனான்னு பாக்கச் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டார், நான் பொய் சொல்வதற்குள் உள்ளே இழுத்து உட்காரவைத்து நெத்திலியும் சோளரொட்டியும் போட்டார். நீங்கள் வந்துவிடுவேன் என்று எழுதிய கடிதங்களையெல்லாம் கோபத்தில் அடுப்பில் போட்டுவிட்டாராம். போட்டுவிட்டு அழுததாகவும் சொன்னார். உங்கள் சட்டைகளை வெயில் வந்தால் எடுத்து உதறி மடித்து வைக்கிறார், நானே பார்த்தேன். வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். என்னை அக்கா என்கிறார். எனக்கு இந்த ஊரில் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

நீங்கள் கேட்க மாட்டேன் என்று சொன்னதால் நானே சொல்கிறேன். காராபுலாக்கில் என் மகள் இருக்கிறாள். பெயர் சுனா, ஆறு வயது, இந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்தாள். மரக்கடை கத்ரி அவளுடைய அப்பா. எங்களுக்கு விவாகரத்து ஆனபோது, இரவில் வேலைக்குப் போகிற பெண்ணிடம் குழந்தையை எப்படி விடுவது என்று நீதிபதி கேட்டார். அந்த இரவு வேலையை எனக்குக் கொடுத்ததும் அரசாங்கம், அந்த நீதிபதிக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே அரசாங்கம். மாதத்தின் முதல் ஞாயிறு நான் அவளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பில் இருக்கிறது. போய்வர நான்கு நாள் விடுப்பு வேண்டும். முஅம்மர் பே கொடுத்தது மூன்று வருடத்தில் இரண்டே முறை. அதில் ஒருமுறை பாதை பனியில் அடைத்துக்கொண்டது. பார்த்த அந்த ஒருமுறையும் அவள் அத்தையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பள்ளிக்கூடம் உங்கள் நிலையத்தைத் தாண்டித்தான் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் பார்த்து எழுதுவீர்களா? நான் யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் வீட்டில் பிரச்சினையாகிவிடும்.

உங்கள் யோசனையைத் தொடங்கிவிட்டேன். தாமதமாகப் போனேன், பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன். முஅம்மர் பே பார்த்துவிட்டு, "இப்பத்தான் நம்மள்ல ஒருத்தரா ஆயிருக்கீங்க" என்று மனசாரப் பாராட்டினார். இந்த அலுவலகத்தில் கெட்ட பேர் வாங்குவது கூட எளிதில்லை போலிருக்கிறது.

நெபஹாத்


காராபுலாக்
12 ஜனவரி 1975

நெபஹாத் அக்கா,

முர்வெத்துக்கு அக்கா என்றால் எனக்கும் அக்காதான்.

சுனாவைப் பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். பள்ளி விட்டு வரும்போது எங்கள் வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு, காற்றுமானி சுற்றுவதைப் பார்ப்பாள். முதல் நாள் நான் பேசவில்லை, பயந்து ஓடிவிடுவாளோ என்று. இரண்டாவது நாள் அவளே, "மாமா, அது எதுக்குச் சுத்துது?" என்றாள். காற்றை எண்ணுகிறது என்றேன். "எண்ணி?" என்றாள். அக்கா, பதினைந்து வருட உத்தியோகத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்காராவுக்கு அனுப்புவோம் என்றேன். "அங்க காத்து இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆரோக்கியமாக இருக்கிறாள். கன்னம் சிவந்திருக்கிறது, காலில் நல்ல கம்பளிக் காலுறை. நடக்கும்போது பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறாள். இடது கையால் எழுதுகிறாளாம், ஆசிரியை திட்டுகிறாராம். அப்பாவின் புது மனைவியைச் சின்னம்மா என்கிறாள், சின்னம்மா நல்லவர் என்றாள், நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். உங்களிடம் மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

வேலை விஷயம். தாமதம், பின்னல் எல்லாம் அவர்களுக்கு உறைக்காது. எது முஅம்மர் பேயைச் சுடுமோ அதைச் செய்யுங்கள். அந்த மாதாந்திர அறிக்கையை எழுதாதீர்கள்.

ரிஃப்கி


தாஷ்லிமான்
9 பிப்ரவரி 1975

மனமொத்த மாறுதல் விண்ணப்பதாரர் ரிஃப்கி அவர்களுக்கு,

அறிக்கை எழுதவில்லை. அங்காராவிலிருந்து முஅம்மர் பேவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மனிதர் சிவந்துபோனார். என் விண்ணப்பத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டு என் முன்னால் வீசினார். "எங்க வேணா போங்க, இந்தத் துரோகம் ஆகாது" என்றார். உங்கள் தந்திரம் பலித்தது. போதுமா?

இனி மற்றதைக் கேளுங்கள். தாமதமாகப் போகும் பழக்கத்தை விடாமல் வைத்திருந்தேன் அல்லவா. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காற்றழுத்தமானி கிணற்றில் போட்ட கல் மாதிரி இறங்கியிருக்கிறது. பார்க்க ஆள் இல்லை. நான் வந்து, பார்த்து, ஓடிப்போய்ப் புயல் கூண்டை ஏற்றுவதற்குள் படகுகள் போய்விட்டன. ஊரே கரையில் நின்றது. முர்வெத் என் பக்கத்தில் நின்றார், அவருடைய தம்பி ஹைரி ஒரு படகில். கூண்டு ஏன் காலையிலேயே ஏறவில்லை என்று யாரோ கேட்டார்கள். முர்வெத், "அக்கா ஒருத்திதான் எல்லாம் பாக்குறாங்க, என்ன பண்ணுவாங்க பாவம்" என்று எனக்காகப் பேசினார். அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் எல்லாப் படகும் திரும்பின. யாரும் சாகவில்லை. ஹைரிக்குத் தோள் உடைந்திருக்கிறது, இந்தப் பருவத்தில் வலை இழுக்க முடியாது. முர்வெத்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தார். நான் வந்துவிட்டேன்.

சோம்பேறியாக இருக்கச் சொல்ல நீங்கள் யார்? கேட்க நான் யார்? என் மகளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இன்னொருத்தியின் தம்பியைக் கடலில் விட்டேன். மறுநாளிலிருந்து விடியுமுன்பே அலுவலகத்தில் இருக்கிறேன். மாறுதல் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இனி எனக்கு எழுத வேண்டாம்.

நெபஹாத்


காராபுலாக்
3 மார்ச் 1975

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். என் விஷயமாக ஒன்றும் எழுதவில்லை. சுனாவுக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கு வராமல் இருந்தாள். இன்று வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள், ஆனால் வேலிக்கு ஓடித்தான் வந்தாள்.

ரிஃப்கி


தாஷ்லிமான்
11 மார்ச் 1975

காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? மருத்துவரிடம் காட்டினார்களா?

நெபஹாத்


காராபுலாக்
28 மார்ச் 1975

அக்கா,

ஐந்து நாள். மருத்துவரிடம் காட்டினார்கள், தொண்டைப் புண்தான். இப்போது ஒன்றும் இல்லை, வாத்தை விரட்டிக்கொண்டு ஓடுகிற அளவுக்கு இருக்கிறாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் முஅம்மர் பே கையெழுத்தோடு நிற்கவில்லை. ஷெவ்கெத் பேவுக்குத் தனியாக எழுதியிருந்தார். இந்தப் பெண் சோம்பேறி, பொறுப்பற்றவள், இவளால் புயல் கூண்டு தாமதமாக ஏறியது, உங்களுக்கு நல்லபடி வாய்க்கட்டும் என்று. ஷெவ்கெத் பே என்னைக் கூப்பிட்டு அதை மேசையில் வைத்தார். இப்படிப்பட்ட ஆளைக் கயிறு பிடிக்க அனுப்பி, பிணமாக இழுத்துவரத் தனக்குத் தெம்பில்லை என்றார். விண்ணப்பத்தில் நிராகரிப்பு எழுதப் பேனாவை எடுத்தார்.

யோசித்துப் பாருங்கள், அக்கா. விடுதலை வேண்டுமென்றால் அங்குள்ளவனிடம் கெட்ட பேர் வாங்க வேண்டும். சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் இங்குள்ளவனிடம் நல்ல பேர் இருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. உங்களுக்கு யோசனை சொன்ன மேதாவி நான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சோம்பேறி இல்லை, நான்தான் அப்படி இருக்கச் சொன்னேன், அறிக்கையை நிறுத்தச் சொன்னதும் நான்தான், ஐந்து பேர் வேலையை ஒருத்தியாகச் செய்தவள் என்று. சுனாவைப் பற்றியும் சொன்னேன், மன்னியுங்கள். தினமும் வேலியில் நிற்கும் குழந்தையை அவருக்கும் தெரியும். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு இப்படிச் சொன்னார், அவர் வாயால் வந்தபடியே எழுதுகிறேன்:

"நீ சொல்றது நிஜம்னா அவ நல்ல வேலைக்காரி, வேலையில இருக்கிறவளக் கெடுத்தவன் நீ. அப்போ அவள எடுக்கணும், உன்னைத் தொரத்தணும். நீ சொல்றது பொய்னா, மேலதிகாரிகிட்டயே புளுகுற பய நீ. அப்பவும் உன்னைத் தொரத்தணும். எப்படிப் பாத்தாலும் நீ இங்க இருக்க முடியாதுடா, ரிஃப்கி."

கையெழுத்துப் போட்டார். என் கோப்பில் ஒரு கண்டனமும் எழுதினார், பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போகும். அதை வாங்கிக்கொண்டு நான் அவர் கையை முத்தமிட்டேன். "போடா, போய்ப் பொண்டாட்டியப் பாரு" என்றார். அவர் கண்ணும் சரியில்லை, முட்டி வலிதான் என்று சொல்லிக்கொண்டார்.

முர்வெத்துக்கும் எழுதிவிட்டேன். அக்காவைத் திட்டுவதானால் என்னைத் திட்டு, ஹைரியின் இடத்தில் இந்தப் பருவம் முழுக்க நான் விடுமுறை நாளெல்லாம் வலை இழுப்பேன் என்று. பதில் வந்தது. முதல் வரியிலேயே திட்டு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடைசி வரியில், அக்கா புறப்படுமுன் நீலக் கதவு வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுப் போக வேண்டும் என்று இருக்கிறது.

அங்காரா உத்தரவு வந்ததும் சொல்லி அனுப்புங்கள்.

ரிஃப்கி


காராபுலாக்
15 மே 1975

தம்பி ரிஃப்கி,

வந்து சேர்ந்துவிட்டேன். வழியில் எங்கேயோ உங்கள் பேருந்தும் என் பேருந்தும் ஒன்றையொன்று கடந்திருக்கும். கணவாயில் எதிரே வந்த ஒவ்வொரு பேருந்திலும் எட்டிப் பார்த்தேன், பார்த்திருந்தாலும் உங்களை எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. இந்நேரம் முர்வெத்தின் கையால் நெத்திலி சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். என்னை வழியனுப்பும்போது ஹைரியும் வந்தான். ஒற்றைக் கையால் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் வேண்டாம் என்றும் விடவில்லை.

ஷெவ்கெத் பே என்னிடம் நிலையத்தைக் காட்டினார். கருவிகள் ஒவ்வொன்றையும் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். மேசையும் சுத்தம். நல்ல வேலைக்காரரைத்தான் இந்த ஊர் இழந்திருக்கிறது.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். முதல் ஞாயிறு வர இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை பொறுக்க முடியுமா? பள்ளி விடும் நேரத்துக்கு மழைமானியைப் பார்ப்பது போல வேலிப் பக்கம் போய் நின்றேன். இன்று மழையே இல்லை.

அவள் வந்தாள். பையை இழுத்துக்கொண்டுதான் வந்தாள், நீங்கள் எழுதியது போலவே. வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள், தம்பி. நேராக என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"ரிஃப்கி மாமா எங்க?" என்று கேட்டாள்.

கடல் ஊருக்குப் போய்விட்டார், அவருடைய வீட்டுக்கு, இனி இங்கே நான்தான் என்று சொன்னேன். அவள் முகம் வாடிப்போயிற்று. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். என் பெண் முதன்முதலாக என் எதிரில் நின்று வேறு ஒருவருக்காக ஏங்குகிறாள். உங்கள்மேல் பொறாமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். அந்தப் பொறாமையோடேயே உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை நாள் அவள் நிற்பதற்கு ஓர் இடம் வைத்திருந்தீர்கள்.

"நீங்க யாரு?" என்றாள்.

சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். பேருந்து, ரயில், மறுபடி பேருந்து என்று வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயில் வரவில்லை. பயந்துவிட்டால் நாளைக்கு வேறு பாதையில் போய்விடுவாள் என்று தோன்றியது. காற்றை எண்ணுகிறவள் என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரிஃப்கி மாமா மாதிரி எண்ணுவீங்களா?" என்றாள். எண்ணுவேன் என்றேன். சரி என்று போய்விட்டாள். திருப்பத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

தம்பி, எனக்கு உதவி வேண்டும். எனக்குத் தெரிந்ததைவிட என் பெண்ணை உங்களுக்குத் தெரியும். அவளிடம் என்ன பேசுவீர்கள்? எதற்குச் சிரிப்பாள்? எதைக் கேட்டால் முகம் சுளிப்பாள்? வேலிக்கு வந்ததும் முதலில் நீங்கள் பேசுவீர்களா, அவள் பேசும்வரை பொறுத்திருப்பீர்களா? ஒன்றுவிடாமல் எழுதுங்கள். தபால் வர நாள் ஆகும், முடிந்தால் தந்தி அடியுங்கள். நாளைக்கும் அவள் வருவாள்.

நெபஹாத் அக்கா